சூ புலியையும் தோட்டத்துச் சிறுத்தையையும் காட்டுல கொண்டு போய் விடலாமா?

மஸ்கெலியா பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். ரஷ்யாவிலயும் இந்தியாவிலயும் தாயில்லாத புலிக்குட்டிகள வளத்து காட்டுல விடுறாங்களாம், அப்படின்னா தெஹிவளை சூல (மிருகக்காட்சிசாலையில) கூட்டுக்குள்ள கிடக்குற புலிகள ஏன் விடக்கூடாதுன்னு ஒரு கேள்வி. ரெண்டாவது, அவங்க தேயிலைத் தோட்டத்துல கொஞ்ச நாளா சிறுத்தை நடமாட்டம், லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பக்கம் வந்து நாயத் தூக்கிட்டுப் போகுது, கொழுந்தெடுக்கப் போற பொம்பளைங்க பயந்து போயிருக்காங்க, அதனால கூடு வச்சுப் புடிச்சு யாலவுலயோ வில்பத்துலயோ கொண்டு போய் விடச் சொல்லி எல்லாரும் கையெழுத்துப் போட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு மனு குடுக்கப் போறாங்களாம், அது சரிதானேன்னு கேக்குறார்.

தம்பி, நான் பொகவந்தலாவையில பொறந்து வளந்தவன், ஆராய்ச்சிக்காரங்களோட சேர்ந்து தேயிலை மலைகள்லயும் காட்டுத் துண்டுகள்லயும் கெமரா கட்டுற வேலை செஞ்சவன். அதனால ரெண்டு கேள்விக்கும் சேர்த்தே எழுதுறேன், கொஞ்சம் நீளும். மொதல்லயே பதிலச் சொல்லிடுறேன்: சூல பொறந்து வளந்த புலிய காட்டுல விட முடியாது. தோட்டத்துல புடிச்ச சிறுத்தைய வேற காட்டுல விட்டா பிரச்சினை தீராது, வேற ஊருக்குப் போகும், சில நேரம் பெருசாவும் ஆகும். ஏன்னு விளங்கணும்னா விட்ட இடங்கள்ல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். (இங்க புலின்னு எழுதுறதெல்லாம் வரிப்புலி, நம்ம மலையில இருக்கறத சிறுத்தைன்னே எழுதுறேன், குழம்பிடாதீங்க.)

நீங்க கேள்விப்பட்ட ரஷ்யக் கதை அநேகமா ஸோலுஷ்காவோட கதையா இருக்கும். 2012 பெப்ரவரியில ரஷ்யாவோட தூரகிழக்கு மூலையில, பிரிமோர்யே பக்கம், பனிக்குள்ள தனியா கிடந்த ஒரு பெண் குட்டிய வேட்டைக்காரங்க கண்டெடுத்தாங்க. தாய் இல்ல, பட்டினி, வால் நுனி குளிர்ல செத்துப் போய் அத வெட்டி எடுக்க வேண்டியதா போச்சு. அத அலெக்ஸேயெவ்காங்கற இடத்துல இதுக்குன்னே கட்டுன நிலையத்துல வளத்தாங்க. அங்க வளக்குற விதத்தத்தான் கவனிக்கணும். குட்டிக்கு மனுஷன் கண்ணுல படவே கூடாது, குரல் கேக்கக் கூடாது, சாப்பாடு மனுஷன் கையிலிருந்து வருதுன்னு அதுக்குத் தெரியவே கூடாது. சுத்திவர உயரமான வேலி, உள்ள மரமும் பற்றையுமா காடு மாதிரியே இடம், கெமரா வழியாத்தான் பாப்பாங்க. ஆரம்பத்துல முயல் மாதிரி சின்னது, பெருசாகப் பெருசாக உயிரோட மானும் காட்டுப்பன்னியும் உள்ள விடுவாங்க, அதுவே துரத்திப் புடிச்சுக் கொன்னு தின்னணும். காட்டுல ஒரு புலிக்குட்டி ஒன்றரை வருஷத்துல இருந்து ரெண்டு வருஷம் வரைக்கும் தாயோட திரிஞ்சுதான் இதையெல்லாம் கத்துக்கும், அந்தப் படிப்ப தாய் இல்லாம குடுக்குற முயற்சிதான் இது. 2013 மே மாசம் ஸோலுஷ்காவ கழுத்துல ஜிபிஎஸ் கொலர் போட்டு பாஸ்டாக்ங்கற காப்புக்காட்டுல விட்டாங்க. அந்தப் பகுதியில புலி அழிஞ்சு பல பத்து வருஷம் ஆயிருந்துச்சு. 2015 டிசம்பர்ல அங்க கட்டியிருந்த கெமராவுல அது ரெண்டு குட்டியோட நடந்து போறது பதிவாச்சு. அந்தப் படத்த மொத மொத பாத்தப்ப எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

அடுத்த வருஷம், 2014ல, அதே மாதிரி வளத்த இன்னும் அஞ்சு குட்டிகள விட்டாங்க. அதுல போரிஸ்னு ஒரு ஆணையும் ஸ்வெத்லயான்னு ஒரு பெண்ணையும் ஒன்னுக்கொன்னு ரொம்ப தூரத்துல வேற வேற இடத்துல விட்டிருந்தாங்க, அந்த ஆண் 200 கிலோமீட்டர் தூரத்தக் கிட்டத்தட்ட நேர்கோட்டுல நடந்து போய் அந்தப் பெண் இருக்குற காட்ட சேந்துச்சு, அப்புறம் குட்டியும் பொறந்துச்சு. இதத்தான் எல்லாரும் சந்தோஷமா பகிர்றாங்க. ஆனா அதே கூட்டத்துல உஸ்தின்னு ஒன்னு இருந்துச்சு, அது எல்லை தாண்டி சீனாவுக்குள்ள போய் ஆடுகள அடிக்க ஆரம்பிச்சு, கடைசியில திரும்பப் புடிச்சு ரஷ்யாவுல ஒரு சூல வாழ்நாள் முழுக்க அடைக்க வேண்டியதா போச்சு. ஒரே நிலையம், ஒரே மாதிரி வளர்ப்பு, அப்படி இருந்தும் ஒன்னு தவறிப் போச்சு. இத்தனைக்கும் அவங்க விட்ட இடம் ஜனநடமாட்டமே குறைஞ்ச பெரிய காடு. அந்தப் பக்கத்துல ஒரு பெண் புலிக்கு மட்டும் 400 சதுர கிலோமீட்டர் அளவுக்கு இடம் வேணும்.

இப்ப சூ புலிக்கு வாங்க. ரஷ்யாவுல விட்ட அத்தனையும் காட்டுல பொறந்த குட்டி, தாய இழந்து கொஞ்ச காலம் மட்டும் வேலிக்குள்ள இருந்ததுங்க. சூல பொறந்தது அப்படி இல்ல. கூட்டத் தொறந்து எறைச்சி போடுறது யாரு? மனுஷன். அதனால மனுஷ வாடைன்னா அதுக்கு சாப்பாட்டு நேரம்னு அர்த்தம். அப்படிப்பட்ட மிருகத்த விறகு பொறுக்கப் போறவங்க நடமாடுற காட்டுல விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. வேட்டையாடவும் அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. அதோட சூ புலிகள் பலதுல சைபீரியப் புலி, வங்கப் புலின்னு ரத்தம் கலந்திருக்கும், அத காட்டுக் கூட்டத்துல கலந்துட்டா திரும்பப் பிரிக்க முடியாது.

இத ஒருத்தர் செஞ்சும் பாத்திருக்கார். இந்தியாவுல துத்வா காட்டோரத்துல இருந்த பில்லி அர்ஜன் சிங், 1976ல இங்கிலாந்து ட்வைக்ராஸ் சூல பொறந்த தாராங்கற பெண் குட்டியக் கொண்டு வந்து, கூடவே வச்சு வளத்து, 1978ல காட்டுல விட்டார். புலிக்காகவே வாழ்ந்த மனுஷன், அவரோட அன்புல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அடுத்த வருஷங்கள்ல அந்தப் பக்கம் ஆட்கள் புலியால செத்தாங்க, அதுக்குக் காரணம் தாராதான்னு அதிகாரிகளும், இல்லவே இல்லன்னு அவரும், சண்டை ஓயவே இல்ல. பின்னால துத்வா புலிகள்ல சைபீரியப் புலியோட மரபணு இருக்கறதும் தெரிய வந்துச்சு. நல்ல மனசு மட்டும் இந்த வேலைக்குப் போதாது.

சீனா, தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் நாலு நாட்டுலயும் பண்ணைகள்லயும் கூடுகள்லயும் மட்டும் 8000க்கு மேல புலி அடைஞ்சு கிடக்குன்னு மதிப்பிடுறாங்க, உலகத்துல காட்டுல இருக்கறத விட அது அதிகம். புலியக் காட்டுக்கு அனுப்புறதுக்கு தலைக்கணக்குதான் குறைன்னா எப்பவோ முடிஞ்சிருக்கும். குறை எங்கன்னா காட்டுலயும், இரையிலயும், பக்கத்துல வாழுற சனங்களோட வாழ்க்கையிலயும். கசகஸ்தான்காரங்க இப்ப அத விளங்கித்தான் செய்றாங்க. அங்க புலி அழிஞ்சு அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. 2018ல பால்காஷ் ஏரிப் பக்கம் ஒரு காப்பிடத்த உண்டாக்கி, மொதல்ல மான், காட்டுக்கழுதைன்னு இரை மிருகங்களக் கொண்டு வந்து விட்டு பெருக வச்சாங்க, ஏரியோர நாணற்காட்ட மீட்டாங்க. 2024லதான் நெதர்லாந்துல இருந்து ஒரு சோடிப் புலி வந்துச்சு. அந்த சோடியக் கூட காட்டுல விடுறது இல்ல, அது வேலிக்குள்ளயே இருக்கும், அதுக்குப் பொறக்குற குட்டிகள மனுஷன் கண்ணுல படாம வளத்துத்தான் விடணும்ங்கறது திட்டம்.

இந்தியாவுலதான் நமக்குப் பாடம் அதிகம், ஏன்னா அங்க காட்டச் சுத்தி நம்ம மாதிரி ஏழை சனங்க நெருக்கமா இருக்காங்க. மத்தியப் பிரதேசத்துல பன்னான்னு ஒரு புலிக் காப்பகம். கள்ள வேட்டையில 2009ஆம் ஆண்டளவுல அங்க இருந்த புலி அத்தனையும் போச்சு. அந்த வருஷம் மார்ச்ல பாந்தவ்கட்ல இருந்து ஒன்னு, கன்ஹாவுல இருந்து ஒன்னுன்னு ரெண்டு பெண் புலிகளக் கொண்டு வந்தாங்க. வந்து சேந்த பிறகுதான் தெரியுது பன்னாவுல ஆண் ஒன்னு கூட மிச்சம் இல்லன்னு. பிறகு நவம்பர்ல பெஞ்ச் காட்டுல இருந்து ஒரு ஆண் வந்துச்சு, அதுக்கு டி3ன்னு பேர். விட்ட கொஞ்ச நாள்ல அது தான் பொறந்த காட்டுப் பக்கமே திரும்பி நடக்க ஆரம்பிச்சிருச்சு. ஊர், வயல், ரோடு, ஆறு எல்லாம் தாண்டி 400 கிலோமீட்டருக்கு மேல. ஒரு மாசம் அளவுக்கு வனத்துறை ஆட்கள் யானையிலயும் ஜீப்புலயும் பின்னாலயே போய், டிசம்பர் 25ஆம் திகதி மயக்க ஊசி போட்டு திரும்பக் கொண்டு வந்தாங்க. இந்தத் தடவை அது தங்கணுமேன்னு பெண் புலியோட மூத்திரத்தக் காட்டுல அங்கங்க தெளிச்சு வச்சாங்க, வாடை புடிச்சுக்கிட்டு பெண் இருக்குற பக்கம் போகட்டும்னு. போச்சு. 2010 ஏப்ரல்ல மொத குட்டிகள் பொறந்துச்சு. இன்னைக்கு பன்னாவுல 50க்கு மேல புலி இருக்கு.

அந்த டி3 நடந்த நடைய மறந்துடாதீங்க, உங்க மனுவப் பத்தி பேசும்போது அது வேணும்.

பன்னாவுல இன்னொன்னும் செஞ்சாங்க. கன்ஹாவுல தாயில்லாம பெரிய வேலிக்குள்ள மான் அடிச்சுப் பழகுன ரெண்டு அக்கா தங்கச்சிப் புலிகள 2011ல கொண்டு வந்து விட்டாங்க, அதுங்களும் தாக்குப் புடிச்சு குட்டி போட்டுச்சு. அதே நேரத்துல பரம்பரையா வேட்டையே தொழிலா இருந்த பார்தி சமூகத்துப் பிள்ளைகளுக்கு விடுதியோட பள்ளிக்கூடம், பெரியவங்களுக்கு காட்டுல வழிகாட்டி வேலைன்னு ஏற்பாடு நடந்துச்சு. என்னைக் கேட்டா மயக்க ஊசியையும் கொலரையும் விட இதுதான் பெரிய வேலை. காட்ட அவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி வேற யாருக்குத் தெரியும்?

சனங்களச் சேத்துக்குற அந்த வேலைய விட்டுட்டு புலிய மட்டும் கொண்டு போன இடம் ஒடிசாவுல இருக்குற சத்கோசியா. 2018ல மகாவீர்னு ஒரு ஆண், சுந்தரின்னு ஒரு பெண், மத்தியப் பிரதேசத்துல இருந்து வந்துச்சு, ஒரு மாநிலத்துல இருந்து இன்னொரு மாநிலத்துக்கு புலி போனது இந்தியாவுல அதான் மொத தடவை. சுத்தியிருந்த கிராமத்து சனங்கள யாரும் ஒழுங்கா சேத்துக்கல. ரெண்டு பேர் உயிர் போச்சு, அது சுந்தரி வேலைன்னு ஊரே கொதிச்சு வனத்துறை அலுவலகத்தையே தாக்குற அளவுக்குப் போயிருச்சு. மகாவீர் நவம்பர்லயே பொறியில பட்ட காயத்தோட செத்துக் கிடந்துச்சு. சுந்தரிய புடிச்சு அடைச்சு ரெண்டு வருஷத்துக்கு மேல கூட்டுல வச்சு 2021ல திரும்ப மத்தியப் பிரதேசத்துக்கே அனுப்பிட்டாங்க. செத்த அந்த ரெண்டு பேர் வீட்டையும் சேத்துத்தான் நான் இந்தக் கணக்குல பாக்குறேன். ராஜஸ்தான் சரிஸ்காவுலயும் இதே மாதிரி ஒரு அடி விழுந்துச்சு, 2008ல ஹெலிகொப்டர்ல கொண்டு வந்து விட்ட மொத ஆண் புலிய 2010ல விஷம் வச்சுக் கொன்னுட்டாங்க. சரிஸ்கா அதுக்கப்புறம் எழும்பிருச்சு, ஆனா அந்த முதல் வருஷங்கள் வீணாப் போச்சு.

அதே காலத்துல நேபாளத்துல என்ன நடந்துச்சுன்னு பாருங்க. வெளியில இருந்து புலியக் கொண்டு வந்து விடாம, இருந்தத சாகாமப் பாத்துக்கிட்டாங்க. புல்வெளியப் பராமரிச்சு மான் பெருக வச்சாங்க, கள்ள வேட்டைக்கு எதிரா இராணுவத்தக் காவலுக்குப் போட்டாங்க, காப்புக்காட்டுக்கு வெளியில இருக்குற காட்டுத் துண்டுகள ஊர் சனங்க கையிலயே குடுத்தாங்க. 2010 அளவுல 121ஆ இருந்தது 2022ல 355. உலகத்துல எங்க புலி கூடியிருக்கோ அங்கெல்லாம் பெரும்பாலும் கதை இதுதான், தாய்ப்புலி உயிரோட இருக்கணும், திங்கறதுக்கு மான் இருக்கணும், அவ்வளவுதான், மிச்சத்த அதுங்களே பாத்துக்கும். லொறியில ஏத்தி கொண்டு போய் விடுறதெல்லாம் எல்லாமே கை விட்டுப் போன இடத்துக்குத்தான்.

சரி, நம்ம மலைக்கு வருவோம். இலங்கையில புலி இருந்தது ரொம்ப ரொம்ப முந்தி, குருவிட்டப் பக்கம் கிடைச்ச எலும்புகள 16,500 வருஷம் பழசுன்னு கணக்கிட்டிருக்காங்க. அதனால தெஹிவளைப் புலிக்கு இங்க திரும்பிப் போக ஒரு காடே இல்ல. இந்த நாட்டுக் காட்டுல எல்லாத்துக்கும் மேல இருக்குற வேட்டை மிருகம் நம்ம சிறுத்தைதான், உலகத்துல வேற எங்கயும் இல்லாத இனப்பிரிவு, மொத்தமா எண்ணுனா ஆயிரத்துக்குள்ளதான் வரும். அதுல நல்லதொரு பங்கு ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை, நக்கிள்ஸ் காடுகள்லயும் அதுகள சுத்தியிருக்குற நம்ம தேயிலைத் தோட்டங்கள்லயும் இருக்கு.

தோட்டத்துல அது எப்படி வாழுதுன்னு கெமராவுல பாத்தா ஆச்சரியமா இருக்கும். மலை உச்சியில விட்டிருக்குற காட்டுத் துண்டு, ஓடையோரப் பற்றை, கைவிட்டு மானாப் புல்லு மண்டிப் போன தேயிலை, இதெல்லாம் அதுக்குப் பாதை. ஒரே கெமராவுல வரிசையா வர்ற படங்களப் பாருங்க: சாயங்காலம் ஆறரைக்கு கூடையோட வீட்டுக்குத் திரும்புற கடைசி ஆள், அடுத்த படம் ஏழு மணிக்கு அதே ரோட்டுல சிறுத்தை, அப்புறம் ராவுல ஒரு முள்ளம்பன்றி, காட்டுப்பன்னிக் கூட்டம், விடியக்கால அஞ்சரைக்கு பால்கேனோட ஒருத்தர் சைக்கிளத் தள்ளிக்கிட்டு வர்றார். அந்த மனுஷனுக்கு அங்க சிறுத்தை போனதே தெரியாது. அது நம்ம நேரத்த நம்மள விட நல்லா தெரிஞ்சு வச்சிருக்கு.

அத புடிச்சு யாலவுல விட்டா? மகாராஷ்டிராவுல ஜுன்னார்ங்கற கரும்பு ஊர்ப்பக்கம் சரியா இதத்தான் செஞ்சாங்க. 2001ல இருந்து தோட்டம் தோட்டமா கூடு வச்சு சிறுத்தைகளப் புடிச்சு தூரத்துக் காடுகள்ல கொண்டு போய் விட்டாங்க. வித்யா ஆத்ரேயாங்கற ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் கணக்கெடுத்துப் பாத்தா, அதுக்கு முந்தி வருஷத்துக்கு சராசரி 4 பேர சிறுத்தை தாக்குன இடத்துல, புடிச்சு விட ஆரம்பிச்ச பிறகு 17 ஆயிருச்சு. கூட்டுக்குள்ள மாட்டி, பல்லு நகம் ஒடிஞ்சு, சனங்க கூட்டமா நின்னு கத்தி, லொறியில குலுங்கி, தெரியாத காட்டுல எறங்குற மிருகம் எப்படி இருக்கும்? அந்தக் காட்டுல ஏற்கனவே வேற சிறுத்தை இடம் புடிச்சிருக்கும், யாலவும் வில்பத்தும் காலியா கிடக்கல. ஒன்னு அதோட சண்டை போட்டு சாகணும், இல்லன்னா காட்டோரத்துக்கு ஒதுங்கணும், காட்டோரத்துல இருக்கறது யாரு? அங்கயும் நம்மள மாதிரி ஏழை சனங்கதான். டி3 மாதிரி சொந்த இடத்தத் தேடி நடக்கவும் செய்யும், வழியில எத்தனை ஊரு.

உங்க தோட்டத்துலயும் அந்த இடம் சும்மா கிடக்காது. புடிச்சுட்டுப் போன சிறுத்தை நடமாடிட்டிருந்த காட்டுத் துண்டும் ஓடையும் காலியானா பக்கத்துல இடம் தேடித் திரியுற ஒரு இளம் ஆண் வந்து புடிச்சிக்கும், ஊரப் பழகாத மிருகம், பழைய சிறுத்தைய விட அதுதான் ஆபத்து. அதே ஆத்ரேயா குழு பின்னால அகோலேங்கற இடத்துல பாத்தப்ப, காடே இல்லாத கரும்புத் தோட்டங்களுக்குள்ள 100 சதுர கிலோமீட்டருக்கு அஞ்சு பெரிய சிறுத்தை கணக்குல சனங்களுக்கு நடுவுலயே வாழ்ந்துட்டிருந்துச்சு, அதுகளத் தொந்தரவு பண்ணாத வரைக்கும் ஆள் மேல பாயுறது அபூர்வம்.

அதுக்காக நாங்க பயத்தோட வாழணுமான்னு கேப்பீங்க. கொழுந்தெடுக்கும்போது செடிக்கடியில படுத்திருந்த சிறுத்தை பாஞ்சு முகத்துலயும் கையிலயும் காயப்பட்டு ஆஸ்பத்திரியில கிடந்த பொம்பளைங்கள நான் பாத்திருக்கேன், கிடந்த நாளுக்கு பேரும் (வேலைநாள் கணக்கும்) இல்ல, சம்பளமும் இல்ல. அது சாதாரண விஷயம்னு சொல்றவன் நான் இல்ல. ஆனா அதுல பெரும்பாலும் நடக்குறது என்னன்னா, படுத்திருக்குற மிருகத்துக்கு போக வழி இல்லாம ரெண்டு பக்கமும் ஆள் நெருங்கிடுறாங்க, அது அடிச்சுட்டு ஓடுது. அதுக்கு வழி இருக்கு, கீழ சொல்றேன்.

எனக்கு ரொம்ப வலிக்கிற விஷயம் கண்ணி. மரக்கறிக் காணியில பன்னி வந்து ஒரே ராவுல உருளைக்கிழங்கையும் லீக்ஸையும் கிண்டிப் போட்டுரும். நாட்சம்பளம் 1000 ரூபா ஆகுறதுக்கே 2021 வரைக்கும் போராட வேண்டியிருந்த சனத்துக்கு அந்தக் காணிதான் கைச்செலவு, அதனால பழைய பைக் பிரேக் கேபிள சுருக்குப் போட்டு வேலி ஓட்டையில கட்டி வைக்கிறாங்க, மாட்டுனா எறைச்சியும் ஆச்சு. பன்னி வர்ற ஓட்டை வழியாத்தான் அத மோப்பம் புடிச்சு சிறுத்தையும் வருது. சுருக்கு இடுப்புலயோ கழுத்துலயோ விழுந்தா, அது இழுக்க இழுக்க இறுகும், கத்தி மாதிரி உள்ள எறங்கும். விடியிறதுக்குள்ள சுத்தியிருக்குற புல்லு, செடி, மண்ணு எல்லாம் கிளறிப் போட்டிருக்கும், கேபிளக் கடிச்சு வாயெல்லாம் ரத்தம். டொக்டர் வந்து மயக்க ஊசி போட்டு அறுத்து எடுத்தாலும் வெளியில பெருசா காயம் தெரியாம ரெண்டு மூணு நாள்ல செத்துப் போறது உண்டு, ஏன்னா ராத்திரி முழுக்க போராடுனதுல தசை சிதைஞ்சு சிறுநீரகமெல்லாம் பழுதாயிருக்கும்.

2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் லக்ஸபான தோட்டத்து வாழமலைப் பிரிவுல அப்படித்தான் ஒரு கருஞ்சிறுத்தை மாட்டுச்சு, உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே தம்பி, ஞாபகம் இருக்கும். இந்த நாட்டுல கருஞ்சிறுத்தை உயிரோட கெமராவுல பதிவானதே அதுக்குக் கொஞ்ச காலம் முந்திதான். மரக்கறித் தோட்டத்துல பன்னிக்கு வச்ச கம்பி. உயிரோட மீட்டு உடவளவைக்குக் கொண்டு போனாங்க, மூணு நாள்ல, மே 29ஆம் திகதி செத்துருச்சு. அத மாதிரி ஒன்ன வளத்து காட்டுல விட எந்த நாட்டுப் பணத்தாலயும் முடியாது, கம்பியக் கட்டாம இருந்திருந்தா போதும்.

உடவளவைன்னதும் ஒன்னு சொல்லணும். மிருகத்த காட்டுக்குத் திருப்பி அனுப்புற வேலை நம்ம நாட்டுக்குப் புதுசு இல்ல. 1995ல அங்க ஆரம்பிச்ச யானைக்குட்டிகள் நிலையத்துல, தாயில்லாத குட்டிகள பால் குடுத்து வளத்து, மனுஷனோட ரொம்பப் பழக விடாம, கூட்டமா சேத்து காட்டுல விடுறாங்க, நூறுக்கு மேல போயிருச்சு, அதுல பலது காட்டுல குட்டியும் போட்டிருக்கு. ஆனா யானை புல்லும் இலையும் திங்குற மிருகம், கூட்டத்தோட ஒட்டிக்கும். சிறுத்தைக்குட்டிக்கு வேட்டையக் கத்துக் குடுக்கணும், அப்புறம் அது தனியா இடம் புடிக்கணும், ரஷ்யாக்காரங்க பட்ட பாடு முழுக்கப் படணும். அதனால தாய்கிட்ட இருந்து குட்டி பிரியாமப் பாத்துக்கறதுதான் நம்ம கையில இருக்குற வேலை.

கவ்வாத்து வெட்டும்போதோ கொழுந்தெடுக்கும்போதோ செடிக்கடியில ரெண்டு குட்டி கிடக்கும். பாவம், தாய் இல்லன்னு தூக்கி லயத்துக்குக் கொண்டு வந்து, பால் குடுத்து, பிள்ளைங்க எல்லாம் மடியில வச்சு போட்டோ எடுத்து, அப்புறம் திணைக்களத்துக்கு சொல்றாங்க. தாய் எங்கயும் போகல, பகல்ல குட்டிய மறைச்சு வச்சுட்டு ஒதுங்கியிருக்கும், இருட்டுனதும் வரும். குட்டி இருந்தா யாரும் தொடாம அந்த மலையில அன்னைக்கு வேலைய நிப்பாட்டி வேற மலைக்கு மாத்தச் சொல்லுங்க, 1992ங்கற திணைக்கள நம்பருக்கு சொல்லுங்க. தெரியாம தூக்கிட்டாங்கன்னாலும் முடிஞ்சு போகல. ஜுன்னார் பக்கம் கரும்பு வெட்டும்போது கிடைக்குற குட்டிகள மிருக டொக்டர் பாத்துட்டு, எடுத்த அதே இடத்துல சாயங்காலம் ஒரு பெட்டிக்குள்ள வச்சு, கெமரா கட்டிட்டு ஆட்கள் தள்ளிப் போயிடுவாங்க. ராவுல தாய் வந்து பெட்டியச் சுத்திச் சுத்தி மோந்து பாத்து, காலால தட்டி சாய்ச்சு, ஒவ்வொன்னா கழுத்தக் கவ்வித் தூக்கிட்டுப் போகும். அப்படி நிறைய குட்டி தாயோட சேந்திருக்கு. இத திணைக்கள ஆட்களோடதான் செய்யணும், தனியா யாரும் இறங்கிடாதீங்க, குட்டியோட இருக்குற தாய்தான் எல்லாத்தையும் விட ஆபத்து.

இப்ப மனு. குடுங்க, கட்டாயம் குடுங்க, ஆனா கூடு வைக்கச் சொல்லி எழுதாதீங்க. லயத்துல இருந்து கக்கூசுக்கும் தண்ணிப் பீலிக்கும் போற பாதைக்கு லைட் கேளுங்க, பயத்துல பாதி அந்த இருட்டுலதான் இருக்கு. லயத்துக்குப் பின்னால குவியுற குப்பைய தோட்ட நிர்வாகம் எடுக்கணும்னு எழுதுங்க, குப்பைக்கு நாய் வருது, நாய்க்கு சிறுத்தை வருது. கட்டாக்காலி நாய்களுக்கு கருத்தடை செய்ய பிரதேச சபைகிட்ட கேளுங்க, வளக்குற நாய ராவுல உள்ள கட்டுங்க. கொழுந்தெடுக்கப் போறதுக்கு முந்தி ஒரு ஆள் மலையோட மேல் பக்கம் நின்னு தகரத்தத் தட்டி சத்தம் போட்டுட்டு, பதினைஞ்சு நிமிஷம் விட்டு, காட்டுப் பக்கம் வழி தொறந்திருக்குற மாதிரி ஒரே பக்கத்துல இருந்து நிரை புடிக்கணும், அந்த நேரத்தையும் வேலை நேரமா கணக்குல எடுக்கணும்னு கங்காணி, துரை எல்லாரும் ஒத்துக்குற மாதிரி எழுதுங்க. காயப்பட்டவங்களுக்கு ஆஸ்பத்திரியில கிடக்குற நாளுக்கும் பேர் போடணும், நட்டஈட்டுக்கு விண்ணப்பிக்க தோட்டத்து ஒபிஸ்லயே உதவணும்னு கேளுங்க. மரக்கறிக் காணிக்கு பன்னி நுழையாத வேலி போட கம்பிவலையோ கடனுதவியோ கேளுங்க, அது கிடைச்சா சுருக்க அவுக்க சொல்லி நீங்களே வீடு வீடா போய் பேசலாம், அது இல்லாம போய் பேசுனா யாரும் கேக்க மாட்டாங்க, கேக்கணும்னு எதிர்பாக்கறதும் நியாயம் இல்ல.

சிறுத்தையக் கண்ட இடம், திகதி, நேரம், என்ன தூக்கிட்டுப் போச்சுங்கற விவரத்த ஒரு கொப்பியில எழுதி மனுவோட சேருங்க, வர்ற அதிகாரிக்கு அது ரொம்ப உதவும். ஒரு பிரதி கிராம சேவகருக்கும் ஒன்னு தோட்ட நிர்வாகத்துக்கும் குடுத்து, வாங்கிக்கிட்டதுக்கு கையெழுத்து எடுத்து வச்சுக்கங்க.